அந்தச் சொல்லின் அகலம்

“அச்சுக்கு எழுத்தடுக்கப் பழக வந்தனான்,” என்றாள் கமலாம்பிகை. “பன்னிரண்டு நாள்தான் இருக்கு.”

சுகிர்தா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாருக்காக என்று மட்டும் கேட்டாள்.

“என்ர அவருக்கு. முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு.”

“அதுக்கு நீங்கள் பழகத் தேவையில்லையே அன்ரி. எந்த அச்சகத்திலை குடுத்தாலும் ரண்டு நாளில தருவினம்.”

கமலாம்பிகை கைப்பையைத் திறந்தாள். நாலாகக் கிழிந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கிழித்தவளும் அவள்தான்.

“குடுத்தனான்,” என்றாள்.

*

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். முகப்பில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம், அவர் வாழ்ந்த வரலாறு, குடும்பத்தில் யார் யார் என்ற பட்டியல், கடைசிப் பக்கத்தில் நன்றி. கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை, எல்லாம் தாள்தான். ஆனாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு.

அந்தக் குடும்பப் பட்டியலை எழுத ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருப்பவர் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குள் அவர் இருக்கும் ஊர் வரும். கனடா, லண்டன், மானிப்பாய், இப்படி. இல்லாதவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். எந்தக் குடும்பத்தையும் இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம்.

கமலாம்பிகையின் மகன் மயூரதன் இரண்டிலும் அடங்கவில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன், சண்டை முடிந்த கிழமை, தாயும் மகனும் வன்னியில் பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். இளம் ஆண்களை இராணுவத்தினர் வேறு பேருந்தில் ஏற்றினார்கள். “நீங்கள் முன்னுக்குப் போங்கோ அம்மா, நான் பின்னால வாறன்” என்றான் மயூரதன். அவளுடைய பேருந்து வந்து சேர்ந்தது.

அச்சகத்துப் புரூஃபில் ‘காலஞ்சென்ற மயூரதன்’ என்று இருந்தது. அவளுடைய கணவர் தில்லையம்பலத்தின் தம்பி கனகலிங்கம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாள். இரண்டாம் புரூஃபிலும் அது வந்தது. கனகலிங்கம் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, திரும்பவும் போடச் சொன்னாராம். அப்போதுதான் தாளைக் கிழித்தாள்.

கனகலிங்கத்தைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது. மகன் வைக்கவேண்டிய கொள்ளியை அண்ணனுக்கு அவர்தான் வைத்தார்.

*

சுகிர்தா கிழிந்த நாலு துண்டுகளையும் பொருத்தி வைத்து வாசித்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு எழுத்தும் நான் தட்டித் தரமாட்டன். அது சம்மதமெண்டால் நாளைக்கு வாங்கோ.”

“அதுக்குத்தான் பிள்ளை வந்தனான். இன்னொருத்தர் தட்டக்கூடாது.”

கொக்குவிலில், சைக்கிள் திருத்துகிற கடைக்கு மேல், ஒரு அறைதான் சுகிர்தாவின் பள்ளிக்கூடம். தனியார் வகுப்பு நடத்தும் டியூட்டரிகளுக்குக் கணித வினாத்தாள் அடுக்கிக் கொடுப்பது அவள் தொழில். லேடெக் என்ற மென்பொருளில் அடுக்குவாள். பழக வருகிறவர்களுக்கு அதையே சொல்லிக் கொடுப்பாள். வயது நாற்பது இருக்கும். தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவளுக்கு ஆசிரியையாக இருப்பதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பழக வருகிறவர்களின் கீபோர்ட்டை அவள் தொடமாட்டாள். பிழை இருக்கிற இடத்தைக் காட்டமாட்டாள். கேள்வி கேட்டால் பெரும்பாலும் இன்னொரு கேள்விதான் பதிலாக வரும். இதனால் பாதிப்பேர் இரண்டாம் நாள் வருவதில்லை.

கமலாம்பிகை வந்தாள். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். நேரத்துக்கு வந்து பழக்கம்.

*

மகள் தர்சிகா செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய லப்டொப்பைத்தான் கமலாம்பிகை கொண்டுவந்தாள். மென்பொருள் இறங்கி முடிய அரைநாள் எடுத்தது. அதுவரை இருவரும் சும்மா இருந்தார்கள். கீழே யாரோ சைக்கிள் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கட்டற்ற மென்பொருள் என்று சொல்லுவார்கள் என்றாள் சுகிர்தா. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், தனக்கு ஏற்றபடி மாற்றலாம்.

பிறகு வெறும் திரை ஒன்று வந்தது. கமலாம்பிகை அதில் மேலும் கீழும் தேடினாள்.

“எழுத்தைத் தடிப்பாக்கிற பட்டன் எங்க?”

“இல்லை.”

“நடுவில கொண்டுவாறது?”

“இல்லை.”

“அப்ப உதில என்னதான் பிள்ளை இருக்கு?”

“எதைத் தடிப்பாக்கப் போறியள்?”

“அவற்ர பெயரை.”

“அப்ப அதைப் பெயர் எண்டு சொல்லுங்கோ. எப்பிடித் தெரியவேணும் எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை. என்ன எண்டு சொன்னால் போதும்.”

கமலாம்பிகைக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரித் தலையாட்டவும் அவளுக்குத் தெரியாது. கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

*

சுகிர்தா சொன்ன வரிகளைக் கமலாம்பிகை தட்டி, அவற்றுக்கு நடுவில் கணவரின் பெயரைத் தட்டினாள். எழுதியதைத் திரையில் தாளாக்கிக் காட்டும் பட்டனை அழுத்தினாள்.

தாள் வந்தது. அடியில் 1 என்ற பக்க எண் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பத்தொன்பது நாளாக அழாமல் இருந்தவளுக்கு அப்போது அழுகை வந்தது. ஒரு ஆளின் பெயரைத் தட்டினால் வெறுந்தாள் வருகிற சாமானை எந்தப் பாவி செய்தான் என்று கேட்டாள்.

சுகிர்தா ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் தான் செய்ததையெல்லாம் அந்த மென்பொருள் எழுதி வைக்கிற பதிவேடு அது. கமலாம்பிகை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

இந்த எழுத்துருவில் ‘தி’ இல்லை. இந்த எழுத்துருவில் ‘ல்’ இல்லை. இப்படி, தில்லையம்பலம் என்ற பெயரில் தாளில் வராத துண்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல் எழுதப்பட்டிருந்தன.

தமிழ் எழுத்துரு எது என்று அதற்கு அவள் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவுதான் பிழை.

“வராததையெல்லாம் எழுதி வைக்குதே,” என்றாள் கமலாம்பிகை.

பதினான்கு வருடத்தில் எத்தனை கந்தோர், எத்தனை விசாரணை, எத்தனை படிவம். மயூரதன் என்ற பெயரை அவள் எத்தனையோ பேருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறாள். போன தடவை கொடுத்த படிவத்தை ஒருவரும் எடுத்து வைத்திருந்ததில்லை.

அந்தப் பதிவேட்டை அவள் கடைசி வரிவரை வாசித்தாள். அழுகை நின்றுவிட்டது.

*

அதற்குப் பிறகு ஐந்து நாள் சண்டை. கட்டளைக்கு முன்னால் வரவேண்டிய, பின்பக்கம் சாய்ந்த கோட்டை முன்பக்கம் சாய்த்துப் போட்டாள். நெளிந்த அடைப்பைத் திறந்துவிட்டு மூட மறந்தாள். ஒவ்வொரு முறையும் அது சிவப்பு எழுத்தில் முகத்தைச் சுளித்தது. பெயர்தான் கட்டற்ற மென்பொருள், தொட்டதெல்லாம் கட்டளையாகக் கிடக்கிறது என்று கமலாம்பிகை முணுமுணுத்தாள்.

சுகிர்தா அதற்குச் சிரித்தாள். அந்த அறையில் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இருபத்தைந்தாம் நாள் முகப்பும் வாழ்க்கை வரலாறும் முடிந்தன. குடும்பப் பட்டியல் மிஞ்சியது.

கல்வெட்டுகளுக்கென்று சுகிர்தா முன்பே செய்து வைத்த கட்டளைகள் இரண்டு இருந்தன. ‘இருப்பவர்’ என்ற கட்டளைக்குப் பெயரையும் ஊரையும் கொடுக்கவேண்டும். அது ஊரைத் தானாகவே அடைப்புக்குள் போடும். ‘மறைந்தவர்’ என்பதற்குப் பெயர் மட்டும் போதும். அந்தச் சொல்லை அது தானாகவே முன்னால் போட்டுக்கொள்ளும்.

கமலாம்பிகை மகனை ‘இருப்பவர்’ என்று தட்டினாள். பெயரைக் கொடுத்தாள். ஊர் கேட்ட இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் போடாமல் அழுத்தினாள்.

மயூரதன் ( )

முகவரி இல்லாத உறை எந்தப் பெட்டிக்குப் போகும் என்று தபால் கந்தோரில் இருந்தவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த வெறும் அடைப்பை அவளால் பார்க்க முடியவில்லை. அழித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஒரு புதுக் கட்டளையைத் தட்டினாள். ‘வாறவர்’.

சிவப்பு எழுத்து வந்தது. இப்படி ஒரு கட்டளை வரையறுக்கப்படவில்லை.

“ஏன் டீச்சர் எடுக்குதில்லை?” என்று கேட்டாள். சுகிர்தாவை அவள் டீச்சர் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

“அதுக்குத் தெரியாது. நீங்கள்தான் வரையறுக்கவேணும். வாறவர் எண்டால் தாளில என்ன வரவேணும்?”

கமலாம்பிகை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சைக்கிள் கடையில் ஏதோ இரும்பைத் தட்டி நிமிர்த்தினார்கள்.

“எனக்குத் தெரியாது,” என்றாள்.

“அப்ப, தெரியாது எண்டதை அதுக்குச் சொல்லுங்கோ.”

“அதை என்னெண்டு சொல்லுறது?”

*

சுகிர்தா எழும்பி அலுமாரியிலிருந்து இரண்டு வினாத்தாள் எடுத்துவந்தாள். இரண்டும் ஒரே பரீட்சை. ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது திருத்துகிற ஆசிரியருக்கு. பிள்ளைகளின் தாளில் விடை எழுத இடம் விட்டிருந்தது. ஆசிரியரின் தாளில் அதே இடங்களில் விடை அச்சாகியிருந்தது.

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு வெற்றிடமும் அதன் விடை அளவுக்குச் சரியாக இருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“எவ்வளவு இடம் விடவேணும் எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறனீங்கள்?”

“கண்டுபிடிக்கிறதில்லை. ரண்டும் ஒரே கோப்பு. பிள்ளையளின்ர தாளிலையும் விடையைத்தான் அடுக்குறது. அடுக்கும், மை போடாது.”

அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. அதன் நெளிந்த அடைப்புக்குள் வருவது தாளில் இடம் மட்டும் பிடிக்கும். சுகிர்தா அதைக் கொப்பியில் எழுதிக் காட்டினாள். கமலாம்பிகைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உதின்ர பெயர் ஆவி எண்டெல்லோ கிடக்கு.”

“அந்தப் பெயர் தாளில வராது அன்ரி. வேணுமெண்டால் நீங்கள் வேற பெயர் வைக்கலாம்.”

“அப்ப அவன்ர பெயருக்கு முன்னால இடம் மட்டும் வரும். அந்தச் சொல் வராது.”

“ஓம்.”

“ஆனா அந்தச் சொல்லை நான் தட்டவேணும்.”

“ஓம்.”

“என்ர கையால.”

சுகிர்தா கொப்பியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

கமலாம்பிகைக்குக் கோபம் வந்தது. லப்டொப்பை மூடினாள். அந்த ஒரு சொல்லைத் தட்டாமல் இருக்கத்தான் இந்த வயதில் மாடிப்படி ஏறி வந்தேன் என்றாள். பை வாரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“காலம் சென்றது உண்மைதான், டீச்சர். பதினாலு வருசம் சென்றது. அவன் எங்க சென்றான் எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை.”

*

இரண்டு நாள் அவள் வரவில்லை. சுகிர்தா தொலைபேசி எடுத்து விசாரிக்கவும் இல்லை. கவிழ்த்து வைத்த நாலு துண்டும் மேசையில் அப்படியே கிடந்தன.

இருபத்தேழாம் நாள் கனகலிங்கம் வீட்டுக்கு வந்தார். பழைய புரூஃப் அச்சகத்தில் இன்னும் இருக்கிறது, இன்றைக்குச் சொன்னாலும் அடித்துத் தருவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலி நுனியில் இருந்து, நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

“ஊருக்காகச் சொல்லேல்லை அண்ணி. பதினாலு வருசமா அவனுக்கு ஒரு திவசம் இல்லை. ஒரு பிடி சோறு வைக்கேல்லை. பசியோட விட்டு வைச்சிருக்கிறம். அந்தச் சொல்லைப் போட்டால்தானே பெத்த பிள்ளைக்கு ஏதும் செய்யலாம்.”

அவள் அதை இதற்கு முன் அப்படி நினைத்ததில்லை. அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. யோசித்துச் சொல்லுகிறேன் என்று அவரை அனுப்பிவைத்தாள்.

தர்சிகா உள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு நாளில் விமானம். தன் பெயரையும் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் பட்டியலில் சரியாகப் போட்டாகிவிட்டதா என்று அங்கிருந்தபடியே கேட்டாள். இன்னும் இல்லை என்றாள் கமலாம்பிகை. தர்சிகா பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

*

மறுநாள் காலை, தேத்தண்ணி குடித்த கையோடு, கமலாம்பிகை சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்தாள்.

முதலில் கட்டளைக்குப் பெயர் வைத்தாள். ‘இருக்கட்டும்’.

மயூரதன் போட்ட சேட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடுவோமா, சைக்கிளை விற்றுவிடுவோமா என்று யார் கேட்டாலும் பதினான்கு வருடமாக அவள் சொல்லிவந்த பதில் அது. வேறு பெயர் அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு அடைப்பைத் திறந்தாள். அந்தச் சொல்லைத் தட்டத் தொடங்கினாள்.

வேலைக்குச் சேர்ந்த காலத்துத் தட்டச்சுப் பரீட்சையில் நிமிடத்துக்கு நாற்பது சொல் அடித்தவள். இந்த ஒரு சொல்லுக்கு அரைமணி நேரம் எடுத்தாள். ‘கா’ தட்டினாள். ‘ல’ தட்டினாள். எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒவ்வொரு எழுத்தும் திரையில் வந்து நின்றபோது தானே அவனைக் கொண்டுபோய்ப் புதைப்பது போல இருந்தது. கடைசி எழுத்தைத் தட்டியதும் நிறுத்தாமல் மகனின் பெயரையும், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் பெயர்களையும் ஒரே மூச்சில் தட்டி, அடைப்பை மூடினாள். அதற்குமேல் அந்த வரியைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பட்டனை அழுத்தினாள்.

சிவப்பு எழுத்து வரவில்லை.

தாள் வந்தது. ‘அன்புப் பிள்ளைகள்:’ என்று இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளை.

மயூரதன் இல்லை. தர்சிகா இல்லை. மருமகன் இல்லை, பேரப்பிள்ளைகள் இருவரும் இல்லை. தில்லையம்பலம் என்ற மனிதருக்குப் பிள்ளைகளே பிறக்காத மாதிரி அந்தத் தாள் கிடந்தது.

*

தர்சிகாவும் கூட வந்தாள். தாய் அப்படிப் பதறி ஓட்டோ பிடித்ததை அவள் பார்த்ததில்லை.

சுகிர்தா அவர்களுக்கு இரண்டு கதிரை போட்டாள். கமலாம்பிகை லப்டொப்பைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினாள்.

தர்சிகா குனிந்து பார்த்தாள். “நான் எங்க?” என்று கேட்டாள்.

“நான் தட்டினனான். எல்லாரையும் தட்டினனான்,” என்றாள் கமலாம்பிகை. “டீச்சர், இது பிழையெண்டும் சொல்லேல்லை. ஒரு சிவப்பும் வரேல்லை.”

“பிழை இல்லை அன்ரி. நீங்கள் சொன்னதைச் செய்திருக்கு.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே.”

“அடைப்பை எங்க மூடினனீங்கள்?”

கமலாம்பிகை கோப்பைத் திறந்தாள். அந்தச் சொல் நின்ற வரிக்கு அவள் இப்போது வந்தே ஆகவேண்டியிருந்தது. விரலை வைத்துக்கொண்டு போனாள். சொல்லுக்கு முன்னால் அடைப்பு திறந்திருந்தது. சொல் முடிந்த இடத்தில் அடைப்பு இல்லை. விரல் மயூரதனைத் தாண்டியது, தர்சிகாவைத் தாண்டியது, மருமகனைத் தாண்டியது. கடைசிப் பேரப்பிள்ளைக்குப் பின்னால் அடைப்பு மூடியிருந்தது.

இருந்த எல்லாரையும் அந்தச் சொல்லோடு சேர்த்து உள்ளே வைத்து மூடியிருந்தாள்.

தர்சிகாவும் அந்த வரியைக் கடைசிவரை வாசித்தாள். பிறகு சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

“பதினாலு வருசமா இப்பிடித்தான் அம்மா.”

கமலாம்பிகை மகளைத் திரும்பிப் பார்த்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. வந்து ஒரு மாதமாகிறது, அதை அவள் இப்போதுதான் காண்கிறாள்.

சுகிர்தா எழும்பி, யன்னல் பக்கம் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமலாம்பிகை வரியின் கடைசியில் இருந்த அடைப்பை அழித்தாள். முன்னால் வந்தாள். அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்குப் பின்னால் அடைப்பை மூடினாள். அழுத்தினாள்.

எல்லாரும் வந்தார்கள். தர்சிகா (கனடா) வந்தாள். அவள் கணவரும் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மயூரதன். மயூரதனுக்கு முன்னால் ஒரு இடம்.

அந்த இடத்தில் கமலாம்பிகை விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

“உன்ர பெயரில எழுத்துப் பிழை ஒண்டும் இல்லையே?” என்று மகளிடம் கேட்டாள்.

“இல்லை அம்மா.”

“பிள்ளையளின்ரயில?”

“கடைக்குட்டிக்கு ஒரு கால் விடுபட்டுப்போச்சு.”

அதையும் திருத்தினார்கள்.

*

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து, சனம் பந்தலில் சாப்பிட்டுக் கை கழுவி வந்து இருந்தது. தர்சிகா ஒவ்வொருவர் கையிலும் கல்வெட்டைக் கொடுத்தாள்.

கனகலிங்கம் அண்ணனின் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரலாற்றை வாசித்தார். அங்கே ஓரிடத்தில் கண்ணைத் துடைத்தார். பிறகு குடும்பப் பக்கத்துக்கு வந்தார். அவருடைய விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“அண்ணி, உதில ஒரு சொல் விடுபட்டுப் போச்சு.”

பக்கத்தில் இருந்தவர்களும் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார்கள்.

“விடுபடேல்லை,” என்றாள் கமலாம்பிகை. “இடம் விட்டிருக்கு.”

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பேனையை எடுத்தாள். மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

“சரியா அந்தச் சொல் கொள்ளுற அளவுதான் விட்டிருக்கு. ஆருக்கும் நிச்சயமாத் தெரியுமெண்டால் எழுதுங்கோ. எழுதினால் நாளைக்கே அவனுக்குச் சோறு வைக்கிறன்.”

கனகலிங்கம் பேனையை வாங்கினார். புத்தகத்தை முழங்காலில் விரித்து வைத்து, குனிந்து, மயூரதனுக்கு முன்னால் இருந்த வெள்ளையில் பேனை முனையைக் கொண்டுவந்தார். தாளில் முனை படவில்லை.

பிறகு பேனையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கும் தெரியாது, அண்ணி.”